ஆறாம் நம்பர் மலையில் அறுத்த அன்னாசி

ஒரு அன்னாசிப்பழத்தைச் சந்தையில் வாங்கி, பையில் போட்டு, பஸ் ஏறி வீட்டுக்குக் கொண்டுவருவதற்குத் துணிச்சல் வேண்டும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். போன ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ராகலைச் சந்தையில் ஜீவராணி அதை வாங்கியபோது, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவளோடு இருக்கும் பெண்கள் நான்கு பேர் மரக்கறிக் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாயில் கை வைத்தாள். ஜீவராணியோ பழத்தை முகர்ந்து பார்த்தாள், இது காய், இன்னும் பழுத்ததாகக் கொடு என்று வியாபாரியிடம் கேட்டாள், மாற்றி வாங்கினாள். அந்த முகர்ந்து பார்த்ததைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

விஷயம் இதுதான். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஜீவராணிக்குக் கரு கலைந்துவிட்டது என்று லயமே சொல்லிக்கொண்டிருந்தது. கலைத்தது ஒரு துண்டு அன்னாசி என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்டவள் முழுப் பழத்தை வாங்கிக்கொண்டு நடந்தால் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? ஆனால் லயம் சொன்ன இரண்டில் ஒன்றுகூட உண்மையில்லை. கலைவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவே இல்லை. அதைத் தன் வாயாலேயே சொல்ல அவள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஜீவராணிக்கு முப்பத்தொரு வயது. ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில், பத்துக் காம்பரா லயத்தில், நாலாவது காம்பராவுக்கு மருமகளாக வந்தவள். கலியாணத்துக்கு முன்னால் கொழும்புப் பக்கம் ஒரு காமண்ட் கம்பெனியில் மூன்று வருஷம் தையல் மெஷினில் இருந்தாள். அங்கிருந்து இரண்டு சாமான்கள் கொண்டுவந்தாள் என்று அவள் மாமியார் நாகலெட்சுமி சொல்வார்: ஒன்று நல்ல சிங்களம், இன்னொன்று அடங்காத வாய். கொழுந்து எடுக்கும் கையும் சாதாரணக் கையல்ல. ஆறாம் நம்பர் மலையின் உச்சியில் பாறையை ஒட்டிய நிரை அவளுடையது. கால் வைக்க இடமில்லாத அந்தச் சரிவில் மற்றவர்கள் ஒரு செடி முடிப்பதற்குள் இவள் மூன்று முடித்துவிடுவாள்.

புருஷன் யோகேஸ்வரன் தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்கிறான். நல்ல மனுஷன். குடிப்பதில்லை, கை ஓங்குவதில்லை. ஒரே குறை, பேச வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்கமாட்டான்.

இவர்கள் கலியாணம் முடித்தபோது அந்தக் காம்பராவில் யோகேஸ்வரனின் தங்கைமார் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒரு அறை, ஒரு குசினி, ஐந்து ஆட்கள். தங்கைமாரைக் கரையேற்றிவிட்டுத்தான் நமக்குப் பிள்ளை என்று புருஷனும் பெண்சாதியும் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தார்கள். தோட்டத்து மிட்வைஃப் மெரினா மிஸ் மாதாமாதம் கருத்தடைக் குளிசைக் கார்ட் கொடுத்தார். ஜீவராணி அதைப் பழைய மா டின்னுக்குள் ஒளித்து வைத்து, நாலு வருஷத்துக்கு மேல் ஒரு நாள் தவறாமல் விழுங்கினாள். மாமியாருக்கு மூச்சுக் காட்டவில்லை. கலியாண வீடு, கோயில் திருவிழா என்று போன இடமெல்லாம் "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டவர்களுக்குச் சிரித்தே பதில் சொன்னாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் குளிசை அவளுக்குப் பிடித்திருந்தது. கலியாணத்துக்கு முன்னால் அவளுக்கு மாதவிலக்கு நினைத்தபோதுதான் வரும். இரண்டு மாதம், மூன்று மாதம் வராமலே இருக்கும். கம்பெனிப் போடிங்கில் கூடத் தங்கியிருந்த பெண்கள் உனக்கு என்னடி, லாபம்தானே என்று கேலி செய்வார்கள். குளிசை போட ஆரம்பித்ததும் கலண்டர் பார்த்து வைத்த மாதிரி வந்தது. தனக்கிருந்த கோளாறு தீர்ந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டாள்.

தை மாதம் சின்ன நாத்தனாருக்கு டயகமப் பக்கம் கலியாணம் முடிந்தது. மறுநாளே ஜீவராணி மிச்சமிருந்த குளிசைக் கார்டை மெரினா மிஸ்ஸிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள். போகும்போது சிரித்தாள், வரும்போதும் சிரித்தாள். அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டும். மாமியாருக்காக இல்லை, லயத்துக்காக இல்லை, அவளுக்கு வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவைக் கடந்து போகும்போது உள்ளே யாராவது அழும் சத்தம் கேட்டால் அவளுக்கு நடை தானாகக் குறைந்துவிடும்.

மாசியில் வரவில்லை. பங்குனியிலும் வரவில்லை.

நாகலெட்சுமி வீட்டில் ஒரு வழக்கம். மாதவிலக்கான பெண் மூன்று நாள் சாமி விளக்குப் பக்கம் போகக்கூடாது, வாசல் மூலையில் தனிப்பாய். ஆகவே யாருக்கு எப்போது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சுவர் மெல்லிசு என்பதால் பக்கத்துக் காம்பராவுக்கும் தெரியும். இரண்டு மாதமாகப் பாய் விரிக்கப்படவில்லை. நாகலெட்சுமி விரல் விட்டு எண்ணினார். ஐம்பதாவது நாள் காலையில் தண்ணீர்ப் பீலிக்குப் போய், வாளியை வைத்துவிட்டு, "எங்க ஜீவா முழுகாம இருக்கா" என்று சொன்னார். நம் ஊரில் முழுகாமல் இருந்தால் அது பிள்ளைதான். முழுகவுமில்லை, பிள்ளையுமில்லை என்று ஒரு பெண் இருக்க முடியும் என்பது யார் யோசனையிலும் வராது. பொழுது சாய்வதற்குள் செய்தி கீழ் டிவிஷனுக்கும் போய்விட்டது.

ஜீவராணியும் முதலில் நம்பத்தான் செய்தாள். ஆனாலும் ராகலை பார்மசியில் சோதனைக் குச்சி ஒன்று வாங்கிவந்து பார்த்தாள். ஒரு கோடுதான் விழுந்தது. யோகேஸ்வரனிடம் சொன்னாள். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், சின்னக் குச்சிக்கு என்ன தெரியும் என்றான் அவன். பத்து நாள் கழித்து இன்னொன்று வாங்கினாள். அதிலும் ஒரு கோடு.

அதற்குள் எல்லாம் கைமீறிவிட்டது. அழகுமுத்து கங்காணி, பாவம், நல்ல மனது, அவளைப் பாறை நிரையிலிருந்து இறக்கி ரோட்டோர நிரைக்கு மாற்றிவிட்டார். சேலைக்கு மேல் சுற்றும் படங்குச் சாக்கை முறுக்கி இடுப்பில் கட்டாதே, வயிறு இறுகும் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி மாங்காய் கொண்டுவந்தாள். மாமியார் முதல் தடவையாக அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுத்தார். வாயைத் திறக்க வேண்டியது அப்போதுதான். ஜீவராணி திறக்கவில்லை. ஐந்து வருஷத்தில் விசேஷம் உண்டா என்று ஒருவரும் கேட்காத முதல் மாதம் அது. அந்தச் சுகத்தை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. அவளுடைய தப்பு அது, அதை அவளே பிறகு ஒத்துக்கொண்டாள்.

வைகாசியில் மெரினா மிஸ்ஸிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் ஒரு துண்டு எழுதிக்கொடுத்து நுவரெலியாவில் கிளினிக்குக்கு அனுப்பினார். மருமகள் பிள்ளைத்தாய்ச்சி கிளினிக்குக்குப் போகிறாள் என்று மாமியார் திருநீறு பூசி பஸ் ஏற்றிவிட்டார்.

ஸ்கான் பார்த்த டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. ஜீவராணிக்குச் சிங்களம் ஓடும் என்று தெரிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு விளக்கமாகவே சொன்னார். சூலகத்தில் முட்டைகள் சின்னச் சின்னதாக நிற்கின்றன, முதிர்ந்து வெளியே வருவதில்லை, அதனால்தான் மாதவிலக்கு வருவதில்லை. பெயர் பி.சி.ஓ.எஸ். ஜீவராணி அதை மூன்று தரம் திருப்பிச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். குடும்பத் திட்டக் குளிசை போட்டதால் வந்த வினையா என்று கேட்டாள், நெஞ்சில் கிடந்த பயமே அதுதான். இல்லை என்றார் டொக்டர். உனக்கு இது முன்னாலேயே இருந்தது, குளிசை அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான். தாடையில் முளைக்கும் முடிக்கும் இதுதான் காரணம் என்றார். அந்த முடிக்காக நாகலெட்சுமி அரைத்துக் கொடுத்த மஞ்சள் ஒரு மூட்டை இருக்கும்.

பிள்ளை வருமா என்று கேட்டாள். நிறையப் பேருக்கு வருகிறது, வழி இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும் என்றார் டொக்டர். சீனியைக் குறை, கோதுமை மா ரொட்டியைக் குறை, கொஞ்சம் எடை குறை, தினமும் போட ஒரு குளிசை. இப்போதைக்கு மாதவிலக்கை வரவழைக்கப் பத்து நாள் வேறொரு குளிசை, அது முடிந்து சில நாளில் வரும், கூடுதலாகவே வரும், பயப்படாதே. அடுத்த தடவை புருஷனையும் கூட்டி வா, அவருக்கும் ஒரு பரிசோதனை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜீவராணி அழுதாள். துக்கத்தில் இல்லை. இத்தனை நாள் பாவம், தோஷம், கண்ணூறு என்று எதெதற்கோ பயந்துகொண்டிருந்தவளுக்கு, இது உடம்புக்கு வந்த ஒரு வருத்தம், இதற்கு ஒரு பெயர், இதற்கு ஒரு மருந்து என்று ஆனதில் வந்த அழுகை அது.

யோகேஸ்வரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். பரிசோதனை என்றதும் மட்டும் எழுந்து போய்ச் செருப்பைக் கழுவ ஆரம்பித்தான்.

இனி அன்னாசிக்கு வருவோம். ஜீவராணிக்கு அடுத்த நிரை ராக்காயியுடையது. நாற்பத்தெட்டு வயது, மூன்று பிள்ளை பெற்றவள், பிள்ளைகள் எல்லாம் கொழும்பில். கொழுந்து நிறுக்கும் தராசோடு சண்டை, கங்காணியோடு சண்டை, மழையோடும் சண்டை பிடிப்பாள். வாய்தான் அப்படி. சந்தையில் எது வாங்கினாலும் மறுநாள் மலைக்குக் கொண்டுவந்து பங்கு வைத்துத் தின்னாமல் அவளுக்கு இறங்காது. வரவழைக்கிற குளிசை போட்ட அந்தப் பத்து நாளுக்குள் ஒரு நாள் அன்னாசி அறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, இலையில் வைத்திருந்தாள். ஜீவராணி கையை நீட்டினாள். புள்ளத்தாச்சி அன்னாசி திங்கலாமா என்று ராக்காயி இலையைப் பின்னால் இழுத்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்று தெரிந்த ஜீவராணி சிரித்துக்கொண்டே ஒரு துண்டைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஏழெட்டுப் பேர் பார்த்தார்கள்.

குளிசை முடிந்து நாலாவது நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, ரோட்டோர நிரையில் நின்றவாக்கிலேயே வந்துவிட்டது. டொக்டர் சொன்ன மாதிரிக் கூடுதலாகவே வந்தது. படங்குச் சாக்கு நனைந்து, கால் வழியாக இறங்கியதைப் பார்த்த பெண்கள் கூக்குரல் போட்டார்கள். ஒருத்தி தாங்கினாள், ஒருத்தி லயத்துக்கு ஓடினாள். இது வரவழைத்தது என்று ஜீவராணி சொன்னது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. நாகலெட்சுமி வாசலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

பெக்டரியிலிருந்து ஓடிவந்த யோகேஸ்வரனிடம் அவள் தனியாகச் சொன்னாள், இது மருந்துக்கு வந்தது, உங்களுக்குத் தெரியுந்தானே, அத்தையிடம் சொல்லுங்கள் என்று. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா கலஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு, ஜீவா. இருக்கட்டுமே. ஒரு தடவ நின்னுச்சுன்னு ஆகிப்போனா ஒனக்கும் கொறையில்ல, எனக்கும் கொறையில்ல. இனி ஒருத்தரும் நம்மளப் பாத்து வாயத் தொறக்க மாட்டாங்க."

அவன் கெட்டவனாகச் சொல்லவில்லை. அந்தப் பொய்யில் அவ்வளவு வசதி இருந்தது. பிள்ளையே நிற்காதவளுக்கு ஊரில் ஒரு பெயர், நின்று கலைந்தவளுக்கு வேறு பெயர். முதலாவதற்குக் கேலி, இரண்டாவதற்கு இரக்கம். ஜீவராணி மூன்று நாள் அந்த இரக்கத்தில் படுத்துக் கிடந்தாள். முட்டை, நல்லெண்ணெய், இஞ்சிச் சாறு எல்லாம் வந்தது. கூடவே ஒன்று போனது. தினமும் போடவேண்டிய குளிசைப் பெட்டியை நாகலெட்சுமி எடுத்து அலுமாரி உச்சியில் வைத்துவிட்டார். ஒரு தடவை நின்ற வயிறு மறுபடி தானாக நிற்கும், இனி ஆஸ்பத்திரியும் மருந்தும் எதற்கு என்றார். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமானால் வைத்தியத்தை விடவேண்டும் என்பது அப்போதுதான் ஜீவராணிக்கு உறைத்தது. வைத்தியத்தை விட்டால் பிள்ளை ஏது?

அதைவிடப் பெரிசு ஒன்று வெளியே நடந்துகொண்டிருந்தது. கலைந்தது என்றால் கலைத்தவர் ஒருவர் வேண்டுமல்லவா? ஏழெட்டுப் பேர் பார்த்த அன்னாசித் துண்டு இருந்தது, அதை அறுத்த ராக்காயி இருந்தாள். பீலியில் அவள் வாளியை யாரோ காலால் தள்ளிவிட்டார்கள். அவள் கொடுத்த பிஸ்கட்டை ஒரு தாய் தன் பிள்ளை கையிலிருந்து பிடுங்கி எறிந்தாள். அவளை வேறு நிரைக்கு மாற்றச் சொல்லிக் கங்காணியிடம் ஆள் போனது.

வெள்ளிக்கிழமை, வேலை விட்டு வந்த நேரம், ராக்காயி குசினி வாசலில் வந்து நின்றாள். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். உள்ளே வா அக்கா என்று ஜீவராணி கூப்பிட்டாள். அவள் வரவில்லை. மழையோடு சண்டை பிடிக்கிறவளுக்கு அன்று குரலே எழவில்லை.

"தாயி, நான் வேணும்னு குடுக்கல. நான் மூணு பெத்தவ. ஒரு உசுர அழிக்கணும்னு நெனப்பேனா? நீ கையப் போட்டப்ப தட்டிவிட்டிருக்கணும், விட்டுட்டேன். என்னய மன்னிச்சிரு."

சொல்லிவிட்டு, தன்னைவிடப் பதினேழு வயது சின்னவளைப் பார்த்துக் கை கூப்பினாள்.

ஜீவராணிக்கு உடம்பு கூசிப்போய்விட்டது. எழுந்து ஓடி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள். பிடித்த பிடியை விடாமல், குச்சியில் விழுந்த ஒற்றைக் கோட்டிலிருந்து டொக்டர் கொடுத்த பத்து நாள் குளிசைவரை ஒன்றுவிடாமல் சொன்னாள். வயிற்றில் எதுவும் இருக்கவே இல்லை என்றாள். ராக்காயி கேட்டு முடித்துக் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"அப்ப மூணு நாளா என்னயக் கொலகாரியா நடக்க விட்டிருக்க" என்றாள். ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டாள்.

கோயிலிலிருந்து மாமியார் வந்ததும் ஜீவராணி புருஷனையும் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். நாலு வருஷம் மா டின்னுக்குள் இருந்த குளிசை உட்பட. நாகலெட்சுமி முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். நம்பிய பிறகு சொன்னதுதான் மோசம். அப்படியே இருந்தாலும் வெளியே சொல்லாதே, கலைந்தவளை மனுஷியாகப் பார்ப்பார்கள், ஒன்றுமே நிற்காதவளை மலடி என்பார்கள் என்றார்.

"அப்ப ராக்காயிக்கா?"

"அவளுக்குத்தான் பேச்சு வாங்கிப் பழகிப்போச்சே" என்றார் நாகலெட்சுமி.

அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால்வரை ஜீவராணிக்குப் பயம் இருந்தது. அதற்குப் பிறகு கோபம் மட்டும்தான். அலுமாரி உச்சியில் இருந்த குளிசைப் பெட்டியை எடுத்து, மாமியார் பார்க்கவே ஒன்றை விழுங்கினாள். ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சந்தைக்குப் போனாள். அங்கே நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

திங்கட்கிழமை ஆறாம் நம்பர் மலை. பகல் கொழுந்து நிறுக்க எல்லாரும் மடுவத்துக் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். ஐம்பது பெண்கள் இருக்கும். ராக்காயி மட்டும் தள்ளி, ஒரு கல்லில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஜீவராணி தன் கொழுந்தை நிறுத்து முடித்தாள். பையிலிருந்து அன்னாசியை எடுத்துத் தராசுக்குப் பக்கத்துப் பலகையில் வைத்தாள். கடுதாசியில் சுற்றிக் கொண்டுவந்த கத்தியை எடுத்தாள். அழகுமுத்து கங்காணி பேனாவைக் காதில் செருகி எடுத்து மறுபடி செருகினார். ஜீவராணி அவசரப்படாமல் முள்ளைச் சீவினாள், துண்டு போட்டாள், உப்பும் மிளகாய்த்தூளும் தூவினாள். முதல் துண்டைத் தன் வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"எனக்குக் கலையல. கலையிறதுக்கு ஒண்ணும் நிக்கவே இல்ல. நான் முழுகாம இருந்தது வருத்தத்துனால. சூலகத்துல முட்ட வெளைய மாட்டேங்குது, பேரு பி.சி.ஓ.எஸ். அன்னைக்கு நீங்க பாத்தது மருந்துக்கு வந்தது. நான் வாயத் தொறந்து சொல்லாம இருந்தது என் குத்தம். ராக்காயிக்கா ஒரு குத்தமும் செய்யல. மலடின்னு சொல்றவங்க இப்பவே சொல்லிருங்க, கேட்டுக்கிறேன். ஆனா அந்த அக்காவோட வாளிய இனி யாராவது தள்ளினா என்கிட்டதான் பேசணும்."

கங்காணி தராசின் முள்ளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தராசில் ஒன்றும் இல்லை. ஜீவராணி ஒரு இலையில் நாலு துண்டை வைத்து எடுத்துக்கொண்டு ராக்காயி உட்கார்ந்திருந்த கல்வரை நடந்தாள். நீட்டினாள்.

ராக்காயி வாங்கவில்லை. ஐம்பது பெண்களும் பார்க்க அவளை நிற்கவைத்தாள். நீட்டிய கை வலிக்கும்வரை நிற்கவைத்தாள். அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது, ஜீவராணியும் நின்றாள். கடைசியில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

"உப்புப் பத்தல" என்றாள்.

ஜீவராணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கடுதாசியில் சுற்றிய உப்புச் சரையை எடுக்கத் திரும்பியபோது, பலகைக்குப் பக்கத்தில் நிஷாந்தி நிற்பதைக் கண்டாள். கலியாணமாகி ஒரு வருஷமான பெண். அவள் ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கும் நாலு மாதமாக வரவில்லை, வீட்டில் பூசை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அந்தக் கிளினிக் எந்தக் கிழமை என்று தணிந்த குரலில் கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் பழம் எடுக்க வந்தார்கள். பழத்துக்காகவா கிளினிக்குக்காகவா என்று யாரும் கேட்கவில்லை.

கை கழுவிவிட்டு ஜீவராணி கங்காணியிடம் போய் நின்றாள். "என் பாற நெரையக் குடுத்துருங்க, கங்காணி. ரோட்டோரத்துல நின்னு நின்னு கை மறந்துபோச்சு" என்றாள். கொடுத்துவிட்டார்.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். மலடி என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். எட்டாவது காம்பராவில் ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போனாள், பிள்ளையைத் தூக்கினாள், நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். நாகலெட்சுமி ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. பத்தாம் நாள் காலை அவள் சாப்பாட்டுப் பெட்டியில் கோதுமை ரொட்டிக்குப் பதிலாகக் கேழ்வரகு மாவில் சுட்ட குரக்கன் ரொட்டி இருந்தது. யோகேஸ்வரன் அடுத்த கிளினிக்குக்குக் கூட வந்தான். போகும் வழியெல்லாம் பஸ் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்தான். ஆனால் வந்தான், பரிசோதனைக்கும் கொடுத்தான். திரும்பும்போது, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்றான். ஆமாம், சொல்லியிருக்கக்கூடாதுதான் என்றாள் அவள். பிறகு அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஆடி போனது, ஆவணி போனது. பாறை நிரை, குரக்கன் ரொட்டி, சீனியில்லாத தேத்தண்ணி, தினம் ஒரு குளிசை. இறுகிக் கிடந்த மேல்சட்டை தளர்ந்துவிட்டது என்று ராக்காயிதான் முதலில் சொன்னாள். வரவழைக்கிற குளிசையை இந்தத் தடவை தரவில்லை டொக்டர், பொறுத்துப் பார்ப்போம் என்றிருந்தார். இரண்டு மாதமாகப் பாய் வாசல் மூலைக்கு வரவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்புகிற நேரம், ஜீவராணி பின்பக்கத்திலிருந்து வந்து வாசல் மூலையில் பாயை எடுத்து வைத்தாள். நாகலெட்சுமி பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"இந்தத் தடவையும் போச்சா, தாயி?"

"போகல அத்த, வந்திருக்கு" என்றாள் ஜீவராணி. "வரவழைக்கிற மருந்தில்லாம, தானா வந்திருக்கு. முட்ட வெளைஞ்சிருந்தாத்தான் இப்படித் தானா வரும்னு டொக்டர் சொன்னாங்க. கலியாணத்துக்கு அப்புறம் இதுதான் மொத தடவ."

நாகலெட்சுமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னது முழுக்க விளங்கியதோ என்னவோ, மருமகளின் முகத்தில் இருந்தது விளங்கியிருக்கவேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பீலியில் எட்டுப் பத்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நடுவில் ராக்காயி வாளி பிடித்துக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி, பங்குனி மாதம் நின்ற அதே இடத்தில் நின்று, அதே குரலில், காம்பராவுக்குள் இருந்த ஜீவராணிக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எங்க ஜீவாவுக்கு வந்துருச்சு. மருந்தில்லாம, தானா வந்துருச்சு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாதவிலக்கு வந்ததை ஒரு மாமியார் பீலியில் சந்தோஷமாகச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. ராக்காயி நிறைந்த தன் வாளியை இழுத்து ஓரமாக வைத்தாள். நாகலெட்சுமியின் வாளியை வாங்கிப் பீலிக்கு அடியில் தள்ளினாள்.

"ஞாயித்துக்கெழம அன்னாசி நான் வாங்கிட்டு வாறேன்னு அவகிட்டச் சொல்லுங்க" என்றாள். "உப்பு அவ கொண்டுவரட்டும்."